கொச்சி யூதர் குரூப் ஒண்ணு பூர்வீகம் பாக்க வர்றாங்க, வழியில எங்க தோப்புல தங்கல் – என்னென்ன பண்ணோணும்?

ஆனைமலை_தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆனைமலை பக்கம் எங்க தோப்புல சாளைய (தோட்டத்து வீட்ட) ஒட்டி கொஞ்சம் ரூம் கட்டி ஃபார்ம் ஸ்டே ஓட்டிட்டு இருக்கறோம். வழக்கமா சென்னை, பெங்களூர் ஐடி பசங்க தான் வருவாங்க, ராத்திரி பூரா பாட்டு போட்டுட்டு காலைல பதினொரு மணிக்கு எந்திரிச்சு இட்லி இருக்குதான்னு கேப்பாங்க, அது நமக்கு பழகிப் போச்சு. இப்ப வர்றவங்க வேற மாதிரிங்க. ஏஜெண்ட் ஒருத்தர் மூலமா இஸ்ரேல்ல இருந்து முப்பது பேர் கிட்ட ஒரு குரூப் புக் ஆயிருக்குது. எல்லாரும் ஒரே ஜெப ஆலயத்து ஆளுங்களாமா. இவங்க தாத்தா பாட்டி எல்லாம் கேரளால பொறந்து வளந்து 1950கள்ல கூட்டங்கூட்டமா இஸ்ரேலுக்குப் போனவங்க, இப்ப மகன், மக, பேரன், பேத்தின்னு சேந்து பூர்வீக ஊரப் பாக்க வர்றாங்க. சின்னக் கொழந்தையா இருக்கறப்ப இங்கிருந்து போன பெரியவங்களும் ரெண்டு மூணு பேர் கூட வர்றாங்கன்னு ஏஜெண்ட் சொன்னாரு.

மைசூர், ஊட்டி பாத்துட்டு ஒரு வெள்ளிக்கெழமை (எந்த வாரம்ங்கறத எடுத்துட்டேன்) எங்க கிட்ட வந்து, சனிக்கெழமை முழுக்க இங்கயே இருந்துட்டு, ஞாயித்துக்கெழமை வெடியால கொச்சிக்கு கெளம்பறாங்க. சனிக்கெழமை சும்மா எதுக்கு இருக்கோணும், டாப்ஸ்லிப் போறதுக்கு ஜீப் சொல்லட்டுமான்னு கேட்டேன், அன்னைக்கு அவங்க வண்டியே ஏற மாட்டாங்கன்னு சொல்லிட்டு போன வெச்சிட்டாரு.

சாப்பாடு தானுங்க பெரிய தலவலி. எங்கம்மா ஒறம்பரைன்னா கறிச்சோறு போடாம அனுப்பற ஆள் இல்ல, இவங்க நம்ம கறி தொட மாட்டாங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அவங்களுக்கு மொகமே சரியில்ல. சைவம் போட்டா போதுமா, இல்ல அதுலயும் ஏதாச்சும் இருக்குதா? எறங்குனதும் ஆரத்தி எடுத்து பொட்டு வெச்சு உள்ள கூப்புடலாமுங்களா? ப்ரேயர் பண்ண ஒரு ஹால் வேணும்னு கேட்டிருக்கறாங்க, எங்க ஹால்ல செவுரு பூரா சாமி படம், அப்பாரு காலத்துல மாட்டுனது, அதக் கழட்ட ஐயன் (எங்கப்பா) ஒத்துக்க மாட்டாரு, எனக்கும் மனசு வல்ல.

கொச்சிக்கு பஸ்ஸும் ப்ளானும் எங்களயே போடச் சொல்லிட்டாங்க. மட்டாஞ்சேரி யூதர் தெரு ஜெப ஆலயம், ஃபோர்ட் கொச்சில சீன வலை, பொழுதோட ஒரு போட்டிங், முடிஞ்சுதுன்னு எழுதி வெச்சிருக்கறேன். இது போதுமுங்களா? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.


கோபிக்காரி எழுதியது:

தம்பி, மொதல்ல எந்த வெள்ளிக்கெழமைன்னு போட்டிருக்கீங்களே, அத எடுத்துருங்க. இஸ்ரேல்காரங்க குரூப்பா எந்த நாள் எங்க தங்கறாங்கன்னு பொதுவுல எழுதி வெக்கறது நல்லால்ல, 2008ல மும்பைல நரிமன் ஹவுஸ்ங்கற யூத மையத்துல நடந்த தாக்குதலுக்கு அப்பறம் அவங்க இதுல நெம்ப உசாரா இருப்பாங்க. ரெண்டாவது, வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த ஆன்லைன்ல அரசாங்கத்துக்கு ஏத்தோணும், தெரிஞ்சிருக்கும். வெள்ளி பொழுது எறங்கினதுக்கு அப்பறம் பாஸ்போர்ட் குடுங்க, இங்க ஒரு கையெழுத்து போடுங்கன்னு போய் நிக்காதீங்க, பேனாவே எடுக்க மாட்டாங்க. காப்பி எல்லாம் ஏஜெண்ட் கிட்ட முன்னயே வாங்கி வெச்சிருங்க.

நான் இஸ்ரேல்ல வயசானவங்கள பாத்துக்கற வேலைல இருந்துட்டு வந்தவ. நான் இருந்தது ஆச்சாரமான வீடு, அதனால சபாத்ங்கற அவங்க வார ஓய்வு நாள் எப்படி இருக்கும்னு கூடவே இருந்து பாத்திருக்கறேன். வெள்ளிக்கெழமை பொழுது எறங்கறதுக்கு ஒரு பதினெட்டு நிமிசம் முன்னாலயே பொம்பளைங்க மெழுகுவத்தி ஏத்திருவாங்க, அதுல இருந்து சனிக்கெழமை ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரியற வரைக்கும் சபாத். நெருப்பு பத்த வெக்க மாட்டாங்க, சுச்சு போட மாட்டாங்க, அணைக்கவும் மாட்டாங்க, போன், போட்டோ, காசு எதையும் தொட மாட்டாங்க. உங்க ரூம்ல கார்டு பூட்டா சாவிப் பூட்டா? கார்டுன்னா அந்த ஒரு நாளைக்கு பூட்ட மாத்தியே ஆவோணும், கார்ட காட்டி கதவத் தொறக்கறதும் கரண்ட் வேலை தான். வாசல்ல ஆள் நடந்தா தானா எரியற சென்சார் லைட் இருந்தா ஆஃப் பண்ணிட்டு சாதா லைட் ஒண்ணு விடிய விடிய எரிய விடுங்க. பாத்ரூம் லைட்டும் அப்படியே. ஃப்ரிட்ஜ் தொறந்தா உள்ள எரியுமே, அந்த பல்ப கழட்டி வெச்சிருங்க. கெய்சர் தண்ணிய தொறக்க மாட்டாங்க. டிஷ்யூ ரோல் கூட கிழிக்க மாட்டாங்க தம்பி, முன்னாலயே கிழிச்சு அடுக்கி வெக்கோணும், இல்லைன்னா தாள் தாளா வர்ற பாக்கெட் வாங்கிருங்க. இதெல்லாம் குரூப்ல எல்லாரும் பாப்பாங்கன்னு இல்ல, பாதிப் பேர் போன நோண்டிட்டு தான் இருப்பாங்க, ஆனா பாக்கறவங்களுக்கு சங்கடம் வரக் கூடாது. கரண்ட் போனா ஃபேன் போடட்டுங்களா, லைட் போடட்டுங்களான்னு போய் கேக்காதீங்க, ஆமான்னும் சொல்ல முடியாம இல்லைன்னும் சொல்ல முடியாம முழிப்பாங்க. இன்வெர்ட்டர் இருந்தா தொல்லையே இல்ல.

சாப்பாட்டுக்கு வர்றேன். கறி விட்டுருங்க, அவங்க முறைப்படி அறுத்தது தான் ஆகும், கறியும் பாலும் ஒரே வேளைல சேரக் கூடாது, நம்ம அடுப்படி பாத்திரத்துல இத்தன வருசம் எது எதோ வெந்திருக்குது, அதுல பண்ண சைவமும் ஆச்சாரமானவங்களுக்கு ஆகாது. அதனால புது பாத்திரம் எறக்கிருங்க. அவங்களே சொந்தமா வாங்கறதா இருந்தா எவர்சில்வர், கண்ணாடி எல்லாத்தையும் ஊத்து, கடல் மாதிரி இயற்கையான தண்ணில முக்கி எடுத்துட்டு தான் பொழங்குவாங்க, மண்சட்டிக்கு அந்த வேலை இல்ல. வட்டலுக்கு வாழ எல இருக்குது, பிரச்சனையே முடிஞ்சுது. அடுப்பு பத்த வெக்கறதையும் சட்டிய அடுப்புல ஏத்தறதையும் மட்டும் அவங்கள்ல ஒருத்தரக் கூப்பிட்டு செய்யச் சொல்லுங்க, அந்த ரெண்டும் யூதர் கை பட்டு நடந்தா நெறைய பேருக்கு மிச்சத்த உங்கம்மா சமைக்கறது ஒத்துக்கும். கீரை, காலிஃப்ளவர் வேண்டாம், பூச்சிக்கு பயந்து தொட மாட்டாங்க. அரிசி பருப்பு எல்லாம் அவங்களும் உக்காந்து பொறுக்கி பாப்பாங்க, அதக் கண்டு உங்கம்மா கோவிச்சுக்கக் கூடாது. மீன் போடறதா இருந்தா செதிலும் துடுப்பும் இருக்கோணும், கட்லா, ரோகு ஆகும், கெளுத்தி ஆகாது, எறா நண்டு பேச்சே எடுக்காதீங்க.

உங்கம்மா கிட்ட சந்தவையும் (அரிசி சேவை) தேங்காப்பாலும் பண்ணச் சொல்லுங்க. கொச்சி யூதருங்க சமையலே தேங்காப்பால் தான், கறியோட மாட்டுப்பால் சேக்க முடியாததுக்கு அது தான் அவங்களுக்கு வசதி. அரிசிம்பருப்பு சாதம், கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு எல்லாம் தாராளமா போடலாம். சனிக்கெழமை சாப்பாடு மட்டும் வெள்ளி பொழுதுக்குள்ள வெந்திருக்கோணும், அப்பறம் வெறகடுப்பு தணல்ல மூடி போட்டு வெச்சா மறு நாள் மத்தியானம் வரைக்கும் சூடா இருக்கும், அவங்க வீட்டுலயே ஹமீன்னு ராத்திரி முழுக்க தணல்ல கெடக்கற சாப்பாடு ஒண்ணு உண்டு. டீத்தண்ணிக்கு பெரிய பாய்லர் ஒண்ணு வெள்ளிக்கெழமையே போட்டு விட்டுருங்க. எளநியும் வெள்ளிக்கெழமையே எறக்கி வெச்சிருங்க. சனிக்கெழமை இவங்களுக்குன்னு ஆள் மரமேறி எறக்கினா ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க, மரமேறின கூலி தான் மிச்சம்.

ஆரத்தியும் பொட்டும் வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். கும்புட்டு வாங்கன்னு சொல்லி சொம்புல தண்ணி குடுங்க, போதும். படத்தையும் கழட்ட வேண்டாம், அவங்களும் கழட்டச் சொல்ல மாட்டாங்க. ஆனா சாமி படத்துக்கு முன்னால நின்னு அவங்களால ஜெபம் பண்ண முடியாது. தேங்கா ஒணத்தற களத்துல ஷெட் இருக்குமில்ல, அதக் கூட்டிப் பெருக்கி நாக்காலி போட்டுக் குடுங்க. ஜெருசலேம் நமக்கு மேக்கால வடக்குச் சாஞ்சு இருக்குது, அந்தப் பக்கம் பாத்து நிப்பாங்க, அந்தப் பக்கத்துல மாட்டுக் கட்டுத்தறி இல்லாம பாத்துக்கோங்க. தோராங்கற அவங்க வேதச் சுருள் கொண்டு வந்தாங்கன்னா வெள்ளைத் துணி விரிச்ச மேசை ஒண்ணு வேணும்.


வெட்டிப்பேச்சு எழுதியது:

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பூர்வீகம் இஸ்ரேல்னு சொல்லி தான அங்க போனாங்க? இப்ப கேரளா பூர்வீகம்னு இங்க வர்றாங்க. ஒரு ஆளுக்கு எத்தன பூர்வீகமப்பா? இதுக்காக டிஷ்யூ வேற கிழிச்சு வெக்கோணுமா 😄


நொய்யல்கரை எழுதியது:

ரெண்டு பூர்வீகம் இருக்கறதுல என்ன தப்பு? உங்க வீட்டுலயே பாருங்க, அப்பாரு காலத்துல பஞ்சம் பொழைக்க வேற ஊர் போயி காடு வாங்கி செட்டிலான குடும்பம் எத்தன, குலதெய்வத்துக்கு பொங்கல் வெக்கோணும்னா எங்க போறாங்க? அவங்களும் ஜெருசலேம் கோயில் கிபி 70ல ரோமானியரால இடிஞ்சதுக்கு அப்பறம் கப்பலேறி கேரளக் கரைல இருந்த பழைய துறைமுகம் முசிறிக்கு வந்து எறங்குனோம்னு தான் பரம்பரையா சொல்லிட்டு இருக்கறாங்க. சரித்திரத்துல கைல பிடிக்கற ஆதாரம்னு பாத்தா சுமார் கிபி 1000ல சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான்ங்கற யூத தலைவருக்கு குடுத்த செப்பேடு. பகல் விளக்கு, பாவாடை, குடை, பல்லக்குன்னு 72 உரிமை. நம்ம வட்டெழுத்துல வெட்டுனது, இன்னைக்கும் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்துல இருக்குது. 2017ல மோடி இஸ்ரேல் போனப்ப நெதன்யாகுவுக்கு குடுத்த பரிசுல இதோட நகலும் ஒண்ணு.

அவங்கள யாரும் இங்கிருந்து தொரத்தி விடல, அதையும் தெரிஞ்சுக்கோங்க. ஜெருசலேமுக்கு திரும்பிப் போவோணும்னு நூத்துக்கணக்கான வருசமா ஜெபம் பண்ணவங்க, இஸ்ரேல் உருவானதும் இருந்தத வித்துட்டு கெளம்பிட்டாங்க. போறதும் சுலபமா இல்ல. கொச்சில யானைக்கால் நோய் இருந்துச்சுன்னு இஸ்ரேல் அரசாங்கம் இவங்கள எடுக்கறதுக்கே தயங்கி தள்ளிப் போட்டுட்டு இருந்துச்சு. 1953, 54, 55ல தான் பெரும்பாலானவங்க போனாங்க, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். அங்க நெவாதிம், மெசிலாத் சியோன், தாஓஸ், அவியேசர்னு மோஷாவ்ங்கற கூட்டுறவு விவசாய கிராமங்கள்ல குடி வெச்சாங்க. நெவாதிம் நெகேவ் பாலைவனத்துல இருக்குது. இங்க யாவாரம், கோழி, மீன்னு இருந்தவங்க அங்க போயி மணல்ல வெள்ளாமை பண்ணி முன்னுக்கு வந்தாங்க, அங்க கொச்சி மாடல்ல ஜெப ஆலயமும் ஒரு மியூசியமும் வெச்சிருக்கறாங்க.

இப்ப உங்க ப்ளானுக்கு வர்றேன் தோப்பு. மட்டாஞ்சேரி மட்டும் போட்டிருக்கீங்க பாருங்க, அது தான் உறுத்துது. யூதர் தெருவுல டூரிஸ்ட் எல்லாம் போற ஜெப ஆலயம் 1568ல கட்டுன பரதேசி ஜெப ஆலயம். அழகு தான், 18ஆம் நூற்றாண்டுல கான்டன்ல இருந்து வந்த நீலப்பூ போட்ட சீன ஓடு தரை பூரா பதிச்சிருக்கும், மணிக்கூண்டு, கண்ணாடி விளக்கு எல்லாம் இருக்கும். ஆனா அது ஸ்பெயின், மேற்கு ஆசியான்னு பின்னால வந்து சேந்த பரதேசி யூதரோடது. உங்க குரூப் மோஷாவ்ல இருந்து வர்றாங்கன்னா பெரும்பாலும் மலபார் யூதரா தான் இருப்பாங்க, எண்ணிக்கைல இவங்க தான் அதிகம். இவங்களுக்கு ஊருக்கு ஒரு ஜெப ஆலயம்: மாளா, பரவூர், சேந்தமங்கலம், எர்ணாகுளத்துல கடவும்பாகம், தெக்கும்பாகம், மட்டாஞ்சேரிலயே தனியா கடவும்பாகம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் (குலத்துக்கும்) தனித்தனி காணிக்கோயில் இருக்கற நமக்கு இத வெளக்கவே வேண்டியதில்ல. ஒரு கூட்டத்து ஆளக் கொண்டு போயி இன்னொரு கூட்டத்துக் கோயில்ல நிறுத்தி, உங்க கோயில் பாத்துட்டீங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்?

அதுலயும் ஒரு கசப்பு இருக்குது. பரதேசி ஜெப ஆலயத்துல மலபார் யூதர சமமா நடத்தல, அடிமை வம்சம்னு ஒதுக்குனவங்கள வாசல் பக்கத்துலயே உக்கார வெச்சாங்க. அந்த ஒதுக்கப்பட்ட குடும்பத்துல இருந்து வந்த வக்கீல் ஏ.பி. சேலம் இத எதுத்து அங்கயே சத்தியாகிரகம் பண்ணாரு, யூத காந்தின்னே அவருக்குப் பேரு. மலபார் யூதரோட பேரனுங்க கிட்ட போயி இது தான் உங்க பூர்வீகக் கோயில்னு நம்ம கைடு சொன்னா சிரிச்சுட்டு போயிருவாங்க, மனசுல என்ன நெனப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால ஏஜெண்ட் கிட்ட கேளுங்க, எந்தக் குடும்பம் எந்த ஊர்னு. ஒரு மெயில் போதும்.

நேரம் இருந்தா அகழாய்வு நடந்த கொடுமணலும் காட்டுங்கன்னு எனக்கு ஆசை தான். முசிறில கப்பல் ஏறுன நம்ம படியூர் பச்சைக்கல்லு எல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியா தான போச்சு. ஆனா அது என் பைத்தியம், அவங்க கேக்காம இழுத்துட்டு போவாதீங்க.


வாளையார்_வண்டி எழுதியது:

தலைவா நான் கோயமுத்தூர்ல டூரிஸ்ட் வண்டி ஓட்டறேன், இந்த மாதிரி குரூப்ப கூட்டிட்டு போயிருக்கறேன். நொய்யல்கரை சொல்றது நூத்துக்கு நூறு. ரூட் இப்படி போடுங்க, பொள்ளாச்சில இருந்து கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நெம்மாறா வழியா வடக்கஞ்சேரில ஹைவே புடிச்சு குதிரான் சுரங்கம் தாண்டி திருச்சூர், அப்பறம் சாலக்குடி பக்கம் திரும்புனா மொத ஊரே மாளா தான். அங்க ஜெப ஆலயம், பெரிய கல்லறைத் தோட்டம் ரெண்டும் இருக்குது, 1955ல இஸ்ரேல் கெளம்பறப்ப பஞ்சாயத்து கைல ஒப்படைச்சுட்டு போனது. அங்கிருந்து பரவூர், அது மியூசியமா இருக்குது, படிப்புரை (வாசல் கட்டடம்) தாண்டி நீளமா தூண் வெச்ச நடை வரும், நல்லா சீர் பண்ணி வெச்சிருக்காங்க. பக்கத்துலயே சேந்தமங்கலம். முன்னாடி ஒரு கல்லு நிக்கும், சாரான்னு ஒரு பொண்ணோட கல்லறைக் கல்லு, 1269ஆம் வருசத்தது, இந்தியாலயே ரொம்பப் பழைய ஹீப்ரூ கல்வெட்டுன்னு சொல்றாங்க. அதுக்கப்பறம் எர்ணாகுளம் போயி நைட் தங்கல். கடவும்பாகத்த தேடிட்டு மார்க்கெட்ல சுத்துவீங்க, முன்னால செடி நர்சரியும் கலர் மீன் தொட்டியும் தான் தெரியும், அதத் தாண்டி உள்ள போனா தான் ஜெப ஆலயம். மட்டாஞ்சேரிய கடைசில வைங்க. ஞாயித்துக்கெழமை கெளம்பறது நல்லதா போச்சு, பரதேசி ஜெப ஆலயம் வெள்ளி, சனி பாக்கறவங்களுக்கு கெடையாது, யூத பண்டிகைக்கும் மூடிருவாங்க. மத்த எடத்துக்கு முந்தின நாளே போன் போட்டு லீவு இல்லன்னு கேட்டுக்கோங்க. செருப்பு வெளிய கழட்டோணும், தோளும் முட்டியும் மூடுன ட்ரெஸ். செருப்பு கழட்டறது கேரளா ஜெப ஆலயத்து வழக்கம், அவங்க புள்ளைங்களுக்கே புதுசா இருக்கும்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் மட்டும் எதிர்பாத்து போவாதீங்க. குடோனா கெடந்து, 2019 மழைல ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்துச்சு. உள்ள இருந்த மரவேலை எல்லாம் முன்னாலயே ஜெருசலேம் இஸ்ரேல் மியூசியத்துக்கு போயிருச்சு. அந்த வேலைப்பாட்ட அங்க பாத்துட்டு இங்க வந்து கட்டடத்த தேடற ஆளுங்க உண்டு. பஸ்ஸ நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்துங்க.

முக்கியமா சொல்றேன், ஒரு எடத்துக்கு அரை மணி நேரம்னு பேப்பர்ல எழுதிட்டு வாட்ச்ச பாக்காதீங்க. மாளால ஒரு பாட்டிம்மா, வண்டி நிக்கற வரைக்கும் தூங்கிட்டு தான் வந்துச்சு, எறங்கி டீக்கடைல போயி மலையாளத்துல பேச ஆரம்பிச்சுது பாருங்க, பழைய காலத்து மலையாளம், கடைக்காரருக்கே பாதி தான் புரியுது, கூட வந்த பேத்தி போன்ல வீடியோ எடுக்கறதா, கேக்கறதான்னு தெரியாம நிக்குது. அப்பறம் உள்ள போனதும் பொம்பளைங்க நாலஞ்சு பேர் சேந்து மலையாளப் பாட்டு. அவங்க சமூகத்துல பொம்பளைங்களுக்குன்னே மலையாளப் பாட்டு நோட்டு நோட்டா எழுதி வெச்சிருக்காங்களாம். சீன வலை, போட்டிங் எல்லாம் அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல.

இன்னொண்ணு, ஜெப ஆலயத்துல மாடிலயும் ஒரு மேடை இருக்கும், தோரா வாசிக்க. உலகத்துல வேற எங்கயும் இந்த மாடி மேடை கெடையாதாம். ஏறிப் பாக்கோணும்னு பெரியவங்க கேப்பாங்க, படி செங்குத்தா இருக்கும், கூட ஒரு பையன அனுப்புங்க.

ஊட்டில இருந்து வர்ற வெள்ளிக்கெழமைய பத்தி யாரும் சொல்லல. காலைல டிபன் முடிச்ச உடனே எறங்கச் சொல்லுங்க. பர்லியார்ல ஒரு லாரி நின்னா போதும், மேட்டுப்பாளையம் வந்து சேர மத்தியானம் ஆயிரும், அப்பறம் கோயமுத்தூர் ட்ராஃபிக். பொழுது எறங்கிருச்சுன்னா வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிருவாங்க, கிணத்துக்கடவு ரோட்டோரத்துல முப்பது பேர வெச்சுட்டு நிக்க முடியாது.


ஆனைமலை_தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. தேதிய எடுத்துட்டேன் அக்கா. ஏஜெண்டுக்கு மெயில் போட்டேன், பதில் வந்துருச்சு. பாதிக்கு மேல பரவூர், சேந்தமங்கலம், மூணு குடும்பம் மாளா, மிச்சம் எர்ணாகுளம். பரதேசி ஜெப ஆலயத்துக் குடும்பம்னு ஒண்ணு கூட இல்லீங்க. போட்டிங்க தூக்கிட்டு எர்ணாகுளத்துல ஒரு நாள் எச்சா போட்டிருக்கறேன், பஸ் வாடகை ஏறுது, பரவால்ல.

சந்தவைக்கு அம்மா சரின்னுட்டாங்க. ஆனா கோழி அடிக்காம ஒறம்பரையான்னு இன்னும் மொனகிட்டு தான் இருக்கறாங்க. அடுப்ப அவங்க ஆளு பத்த வெக்கோணும்னு சொன்னதுக்கு, ஏன், நான் பத்த வெச்சா எரியாதான்னு கேக்கறாங்க, அத நான் எப்படி வெளக்கறது.

கெளம்பறப்ப எல்லாருக்கும் சென்னிமலை போர்வை ஒண்ணு குடுக்கலாம்னு ஐயன் சொல்றாரு. அதுல ஏதாச்சும் ஆகாததுன்னு இருக்குதுங்களா? அப்பறம் மாளால கல்லறைக்கு போறப்ப பூ, ஊதுபத்தி வாங்கி வெக்கோணுமா? வெட்டிப்பேச்சு அண்ணா, அந்த நாட்டு சண்ட பத்தி நீங்க அடுத்து கேப்பீங்கன்னு தெரியும், அதுக்கு வேற திரி இருக்குது.


திருப்பூர்_பனியன் எழுதியது:

போர்வைக்கு நான் சொல்றேன் பங்காளி, நான் மெர்ச்சண்டைசர். ஆச்சாரமான யூத கடைகளுக்கு சரக்கு போடற பையர் ஒருத்தர் எங்களுக்கு இருந்தாரு. கம்பளி நூலும் லினன் நூலும் ஒரே துணில சேரக் கூடாதுன்னு அவங்க வேதத்துலயே இருக்குதாம், ஷாட்னெஸ்னு சொல்லுவாங்க. நாங்க போட்டதெல்லாம் காட்டன் டீ சர்ட், அதுக்கே லேபிள்ல இருந்து தையல் நூல் வரைக்கும் என்ன கலவைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி உயிர எடுத்தாரு. கோட்டு, சூட்டுன்னா காலர் உள்ள வெக்கற கேன்வாஸ்ல லினன் இருக்குதான்னு பிரிச்சுப் பாக்கறதுக்குன்னே அங்க ஆள் இருக்கறாங்களாமா. சென்னிமலை போர்வை பருத்தி தான், பயமில்ல. சொசைட்டில வாங்குனா பருத்தின்னு பில்லுலயே போட்டு வாங்கிக்கோங்க, கேட்டா காட்டலாம். அகலம் பாத்து வாங்குங்க, அவங்க ஊருக்கு டபுள் தான் உபயோகம். டிசைன்ல சாமி, கோயில் கோபுரம் இல்லாம கட்டம் போட்டதா எடுங்க.

அம்மணி கிட்ட அடுப்பு விசயத்த இப்படி சொல்லுங்க: நம்ம ஊர்ல கெடா வெட்டறப்ப யாரு வெட்டோணும், யாரு மொத தண்ணி தெளிக்கோணும்னு முறை இருக்குதா இல்லையா? கோவிச்சுக்க மாட்டாங்க.


கோபிக்காரி எழுதியது:

போர்வைய சனிக்கெழமை குடுத்துறாதீங்க தம்பி, ஞாயித்துக்கெழமை பஸ் ஏர்றப்ப குடுங்க. சனிக்கெழமை பொருள கைமாத்தி வாங்கறது, வெளிய எடுத்துட்டுப் போறது எல்லாம் ஆகாது. உங்க தோப்பு சுத்தியும் வேலி முழுசா இருக்குதான்னு கூட அவங்க பெரியவரு நடந்து பாப்பாரு, வேலிக்குள்ள தான் கைல ஒரு பொஸ்தகமாச்சும் எடுத்துட்டு நடக்கலாம்னு கணக்கு. எங்காச்சும் இடைவெளி இருந்தா முன்னாலயே அடச்சிருங்க. பொழுதோட நடக்கப் போவோம்னு கெளம்புனாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல எல்லை தாண்டி போக மாட்டாங்க, வாய்க்கா மேடு, இட்டேரி அளவுக்கு காட்டுங்க, போதும்.

கல்லறைக்கு பூ, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். சின்னக் கல்லு ஒண்ணு எடுத்து கல்லறை மேல வெப்பாங்க, அது தான் வந்துட்டு போனதுக்கு அடையாளம். வெளிய வந்ததும் கை கழுவுவாங்க, பஸ்ல ஒரு கேன் தண்ணியும் சொம்பும் வெச்சிருங்க. கோஹென்னு குரு வம்சத்து ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா கல்லறைக்கு உள்ளயே வர மாட்டாங்க, தீட்டு. அவங்க வெளிய ரோட்டுல நிப்பாங்க, ஏன் வரலன்னு நம்ம டிரைவர் போயி கேட்டு கூட்டிட்டு வராம இருக்கோணும். மட்டாஞ்சேரில நெஹெமியா மோத்தான்னு 400 வருசத்துக்கு முன்ன இருந்த பெரியவரோட சமாதி இருக்குது, எல்லா மதத்துக்காரங்களும் மெழுகுவத்தி ஏத்துவாங்க, உங்க குரூப்பும் கட்டாயம் கேக்கும். மெழுகுவத்தி மட்டும் வாங்கி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு கேட்டு வெச்சுக்கோங்க. ஜெபத்துக்கு பத்து ஆம்பளைங்க சேந்தா தான் முழு ஜெபம் நடக்கும். கொச்சில இப்ப உள்ளூர்க்காரங்கள வெச்சு அந்தப் பத்து தேர்றதில்ல, வர்ற குரூப் தான் ஆள் சேக்குது. அவங்க வர்றது முன்னாலயே தெரிஞ்சா அங்க இருக்கற ஒண்ணு ரெண்டு பேரும் கூட வந்து நிப்பாங்க. ஏஜெண்ட விட்டு மொதல்லயே தகவல் சொல்லச் சொல்லுங்க.


வாளையார்_வண்டி எழுதியது:

கோபி அக்கா சொன்ன ஆரத்தி விசயத்துல மட்டும் எனக்கு வேற அபிப்ராயம். நான் கூட்டிட்டு போன குரூப்ல பெரியவங்க, கேரளால வெளக்கு, பூ எல்லாம் பாத்து வளந்தவங்க, சந்தோசமா தான் நின்னாங்க. சின்னவங்க தான் ஒதுங்குனாங்க. எறங்கறதுக்கு முன்ன குரூப் லீடர் கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க, அவரு சரின்னா பூ மட்டும் குடுங்க.

ஞாயித்துக்கெழமை மத்தியான சாப்பாட்ட வழில ஓட்டல்ல பாத்துக்கலாம்னு விட்றாதீங்க. திருச்சூர் தாண்டி எங்க நிறுத்துனாலும் சைவ ஓட்டலானாலும் பாத்திரத்த பாத்துட்டு பாதிப் பேர் பிஸ்கட்டோட ஒக்காந்துக்குவாங்க. சனி ராத்திரி நட்சத்திரம் பாத்ததும் அவங்களே அடுப்ப பத்த வெக்கட்டும், வெடியறதுக்குள்ள உங்கம்மா புளிசாதமும் சந்தவையும் எலைல கட்டிக் குடுத்துருவாங்க. கேரளா பர்மிட், டேக்ஸ் கட்டோணுமான்னு முன்னயே பாத்துக்கோங்க, யூதர் தெருவுக்குள்ள பெரிய பஸ் போவாது, அரண்மனை பக்கம் எறக்கி விட்டுட்டு வண்டிய வெளிய தான் போடோணும், பெரியவங்களுக்கு அங்கிருந்து ஆட்டோ சொல்லிருங்க.